நாற்பது நிமிடத்து முடிவு

"வேண்டாங்க. எனக்குக் கிடைச்ச வாழ்வு ஒரு தடவைதான். அதுக்கு மேல கேட்டா, அது பேராசை."

மகள் இப்படிச் சொன்ன நொடியில், தேநீர்த் தட்டோடு சமையலறை வாசலைத் தாண்டிக்கொண்டிருந்த தாய் சட்டென்று நின்றுவிட்டாள். நான்கு கோப்பைகளும் ஒன்றோடொன்று உரசி ஓசையிட்டன. முன்னறையில் இருந்த மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். பெண்ணைப் பெற்றவள் தலையில் இந்த மறுப்பு இடியாக இறங்கிவிட்டது என்று எண்ணியிருப்பார்கள். இடிதான். ஆனால் மறுப்பினால் விழுந்த இடியன்று. அந்த வாக்கியம் அவளுடையது. சொல்லுக்குச் சொல், நிறுத்தத்துக்கு நிறுத்தம், பதின்மூன்று நாட்களுக்கு முன்பு அவள் தன் கையால் எழுதி அச்சுக்கு அனுப்பிய வாக்கியம் அது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. பெண் கேட்டு வந்திருந்தவர் ஒரு கண்ணாடிக் கடைக்காரர். முப்பத்தைந்து வயது. மகள் வேலை பார்க்கும் கண் மருத்துவமனைக்கு எதிரே அவருடைய கடை. மருத்துவர் சொல்லும் அளவுகளை மகள் சீட்டில் எழுதி அனுப்புவாள். அதைப் பார்த்து அவர் கண்ணாடி வில்லையைத் தேய்த்துக் கொடுப்பார். இரண்டு ஆண்டுகளாக, 'இது மூணா எட்டா' என்று சந்தேகம் கேட்கும் சாக்கில் அவர் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். மகளுடைய மூன்றும் எட்டும் அச்சடித்தாற்போலத் தெளிவாக இருக்கும் என்பது மருத்துவமனை முழுக்கத் தெரிந்த செய்தி. ஆகவே அவர் எதற்காகச் சாலையைக் கடக்கிறார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த செய்திதான்.

மகளுக்கு இருபத்தாறு வயது. கல்யாணமாகிப் பதினான்கு மாதம் வாழ்ந்தாள். பாலம் கட்டும் வேலையில் மேற்பார்வையாளனாக இருந்த கணவன் சாரம் சரிந்து போய்ச் சேர்ந்தான். அதன்பின் தாய்வீட்டுக்கு வந்தவள் ஓர் ஆண்டு முழுவதும் கண்ணாடியில் தன் முகத்தையே பார்க்கவில்லை. அப்படிப்பட்டவள் மூன்று மாதங்களாகக் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டைக் கேட்டுத்தான், "ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுடி" என்று தாய் சொல்லியிருந்தாள்.

கடைக்காரரின் அக்கா நல்ல மனதோடுதான் வந்திருந்தாள். "முதல் கல்யாணமா, ரெண்டாம் கல்யாணமான்னு நாங்க பார்க்கலம்மா. என் தம்பி முகத்துல சிரிப்பைப் பார்த்தோம், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். இப்போது அவள் முகம் வாடிப்போயிற்று.

"ஏம்மா, போன வாரம் வரைக்கும் சரின்னுதானே இருந்தே? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலீங்க. நானேதான் யோசிச்சேன்."

கடைக்காரர் எழுந்தார். ஏதோ கேட்க நினைத்தவர் போல வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். "சரிங்க. நான் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றார். படியிறங்கித் தெருவில் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

தாய் வாசல்வரை போய்ப் பார்த்தாள். அவர் திரும்பிப் பாராமல் போனதும் அவள் எழுதியதுதான்.

*

அந்த வார இதழில் அவளுக்கு உதவி ஆசிரியை என்று பெயர். அலுவலகத்தில் யாரும் அப்படி அழைப்பதில்லை. 'கத்தரி அக்கா' என்றால்தான் தெரியும். கணவன் இறந்து, நான்கு வயதுப் பிள்ளையோடு மெய்ப்புத் திருத்தும் வேலைக்கு வந்தவள், இருபத்திரண்டு ஆண்டுகளில், கதையின் கழுத்து எது வால் எது என்று தொட்டுப் பார்த்தே சொல்லும் நிலைக்கு வந்திருந்தாள்.

அந்த இதழுக்குக் கதை எழுதியவர்களில் ஒருவர்கூடக் கதை எழுதி மட்டும் வயிறு வளர்த்தவர் இல்லை. வாரம் ஒரு பிணம் விழவைத்த மர்மக்கதைக்காரர் பகலெல்லாம் பல் பிடுங்கினார். காதல் கதையில் கண்ணீரை ஆறாக ஓடவிட்டவர் குடிநீர் வாரியத்தில் குழாய் அடைப்பு பார்த்தார். ஊரையே சிரிக்கவைத்த நகைச்சுவை எழுத்தாளர் அரசு மருத்துவமனைப் பிணவறையில் பதிவேடு எழுதினார். அங்கே தவிர வேறெங்கும் தனக்குச் சிரிப்பு வருவதில்லை என்று அவரே சொல்வார். குடும்பக் கதை எழுதிய ஓர் அம்மாள் தையல் இயந்திரத்தின் பலகைமேல் தாளை விரித்து எழுதுவார். அத்தியாயங்களில் நூல் பிசிறு ஒட்டியிருக்கும். இவர்கள் அத்தனை பேரும் உணவு இடைவேளையில், பேருந்தில், பிள்ளை தூங்கிய சிறுபொழுதில் எழுதி அனுப்பியதையெல்லாம் ஒரே அளவுப் பெட்டிக்குள் அடைத்து, மூடி போட்டுக் கடைக்கு அனுப்புவது கத்தரி அக்காவின் வேலை.

பெட்டிக்கு அளவு இருந்ததுபோல, கதைக்கும் ஓர் அளவு இருந்தது. எங்கும் எழுதி ஒட்டப்படாத அளவு. எழுதி ஒட்டியிருந்தால் யாரேனும் கிழித்துப் போட்டிருப்பார்கள். எழுதாததனால் அது இருபத்தைந்து ஆண்டுகள் நிலைத்தது. கணவனை இழந்த பெண் கதையில் வரலாம். அழகாக இருக்கலாம். ஒரு நல்லவன் அவள்மேல் அன்பு வைக்கலாம். நாற்பது வாரம் வாசகரை ஏங்கவைக்கலாம். ஆனால் கடைசி அத்தியாயத்தில் அவளுக்குக் கல்யாணம் ஆகக்கூடாது. அவளைக் காய்ச்சலில் சாகடிக்கலாம். அவனை விபத்தில் சாகடிக்கலாம். ஆதரவற்றோர் பள்ளிக்கு ஆசிரியையாக அனுப்பிவைக்கலாம். இவை எல்லாவற்றையும்விட வாசகருக்கு இனித்த வழி ஒன்று இருந்தது: அவளே மறுத்துவிடுவது. எவரும் தடுக்க வேண்டாம், எவரும் கொடுமைக்காரராக வேண்டாம். கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே இருப்பவளையே தாழிட்டுக்கொள்ளச் செய்துவிட்டால், பார்க்கிறவர்கள் கைதட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் அல்லவா?

பதின்மூன்று நாட்களுக்கு முன்பு, திங்கட்கிழமை பிற்பகல், நாற்பத்தோராவது வாரத்தோடு முடியவேண்டிய தொடர்கதையின் கடைசி அத்தியாயம் வந்து சேர்ந்தது. எழுதியவர் நீதிமன்றத்தில் தட்டச்சர். அதில் கதாநாயகி 'சரி' என்று சொல்லியிருந்தாள்.

பொறுப்பாசிரியர் தாள்களைத் தூக்கிக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார். சிரித்த முகக்காரர், யாரிடமும் கடிந்து பேசியறியாதவர்.

"அக்கா, இந்த மனுஷன் கடைசியில காலை வாரிட்டாரு பாருங்க. பதிவு அலுவலகத்துல கொண்டு போய்க் கையெழுத்துப் போட வச்சிட்டாரு! எடுத்துடுங்க."

"முழுசாவா சார்?"

"கடைசி ரெண்டு பக்கம் போதும். அவளே வேண்டாம்னு சொல்லட்டும். நெஞ்சைத் தொடற மாதிரி ஒரு வரி போடுங்க. உங்களுக்குச் சொல்லணுமா? நாலரைக்கு மெஷின்ல ஏறணும்."

மணி மூன்று ஐம்பது. அவள் பேனாவைத் திறந்தாள். எத்தனை விதவைகளுக்கு அவள் இப்படி முடிவு எழுதியிருக்கிறாள்! கை பழகிப்போயிருந்தது. கதாநாயகி நிமிர்ந்து பார்த்தாள். 'எனக்குக் கிடைத்த வாழ்வு ஒரு தடவைதான். அதற்கு மேல் கேட்டால், அது பேராசை' என்றாள். நாயகன் தலைகுனிந்தான். அவள் சொல்லை மதிப்பதே அன்பு என்று உணர்ந்து, திரும்பிப் பாராமல் நடந்தான். முற்றும். நாலரைக்குத் தாள் இயந்திரத்துக்குப் போயிற்று. தட்டச்சரின் கடைசி இரண்டு பக்கங்கள், வழக்கம்போல, குப்பைக் கூடைக்குப் போயின. அவள் கை கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வீட்டில் மகள் பாடிக்கொண்டிருந்தாள்.

அந்த நாற்பது வாரமும் மகள் ஒவ்வோர் அத்தியாயத்தையும் இரண்டு முறை படித்தாள் என்பதையும், வியாழக்கிழமைதோறும் இதழை எதிர்க் கடைக்குக் கொடுத்தனுப்பினாள் என்பதையும் அந்தத் தாய் அறிவாள். அறிந்திருந்தும் அவளுக்கு உறைக்கவில்லை. பெட்டி செய்கிறவர்களுக்கு, அதற்குள் யார் படுக்கப்போகிறார்கள் என்பது கண்ணில் படுவதில்லை.

*

விருந்தினர் போனபின் தாய் கதவைச் சாத்தினாள்.

"அந்தத் தொடர்கதையோட கடைசி அத்தியாயம் எழுத்தாளர் எழுதினதில்லடி. நான் எழுதினது."

மகள் கோப்பைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எது?"

"நீ சொன்னியே, அந்த வரி. அதுக்கு முன்னாடி, அதுக்குப் பின்னாடி, எல்லாம். அவரு கல்யாணத்துலதான் முடிச்சிருந்தாரு. ஆசிரியர் மாத்தச் சொன்னாரு. மாத்தினேன்."

தாய் எதிர்பார்த்தது கோபம். கத்துவாள், கோப்பையை வீசுவாள், பிறகு சிரித்துவிட்டு ஓடிப்போய் அவரைக் கூப்பிடுவாள் என்று நம்பினாள். மகளோ நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"நீ எழுதினதுன்னா, அது இன்னும் நிஜம்தானேம்மா."

"என்னடி நிஜம்? நாப்பது நிமிஷத்துல அடிச்சு விட்டது!"

"நம்பாம இப்படி எழுத முடியுமா? நாப்பது வாரமா அவளுக்காக வேண்டிக்கிட்டிருந்தேம்மா, சரின்னு சொல்லிடணும், சொல்லிடணும்னு. அவ வேண்டாம்னதும் எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. இவ்வளவு நல்லவ, அவளே வேண்டாங்கறா. நான் மட்டும் என்ன அவ்வளவு அலையறேன்னு வெக்கமாயிடுச்சு. நீயும் அப்படித்தானே இருந்தே? உனக்கு என்ன வயசு அப்போ?"

"முப்பத்தொண்ணு."

"அப்புறம் என்ன?"

தாய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் கடைக்குப் போய் அவர்கிட்ட விவரம் சொல்லட்டுமா?" என்றாள்.

"போனேன்னா, நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன். என் மானத்தை வாங்காதே. பொண்ணுக்கு ஆசை தாங்கலன்னு அம்மா வந்து கெஞ்சினாங்கன்னு நாலு பேர் சொல்லணுமா?"

"அந்த எழுத்தாளர் எழுதின முடிவை வாங்கிட்டு வந்து காட்டறேன். அதையாவது படி."

மகள் கசப்போடு சிரித்தாள். "எழுத்தாளருங்க வந்து சண்டை போடறப்ப நீ என்னம்மா சொல்லுவே? 'அச்சுல வந்ததுதான் கதை, மத்ததெல்லாம் வெறும் காகிதம்'னு சொல்லுவியே. வீட்டுல வந்து சொல்லிச் சிரிப்பியே. எனக்கும் அதேதான்."

*

மறுநாள் முற்பகலில் தாய் நீதிமன்றத்துக்குப் போனாள். தட்டச்சர் நடைக்கூடத்தின் மூலையில், தூணுக்கும் தண்ணீர்ப் பானைக்கும் இடையே உட்கார்ந்து, யாரோ ஒருவருடைய வாக்குமூலத்தை அடித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்து முன்னோக்கி வளைந்திருந்தது. அவளைக் கண்டதும் எழுந்து நின்று, தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

"தெரியும்மா, நீங்கதான்னு" என்றார் அவர். "எனக்குத் தொண்ணூறு கடிதம் வந்திருக்கு. முக்கால்வாசி அந்த வரிக்குத்தான். 'எங்கள் கண்ணைத் திறந்துவிட்டீர்கள்'னு எழுதறாங்க. ஒரு பதிப்பாளர் புத்தகமாப் போடறேங்கறாரு. அந்த முடிவோடதான் வேணுமாம்."

"நீங்க ஏன் சண்டைக்கு வரல?"

"யாரோட சண்டை போடறதும்மா? நாள் முழுக்க மத்தவங்க சொல்றதை அடிச்சு, அடியில 'படித்துப் பார்த்தேன், சரி'ன்னு கையெழுத்து வாங்கித்தான் எனக்குப் பழக்கம். என் கதையிலயும் அப்படியே ஆயிடுச்சு."

தட்டச்சுப் பொறியின் விசைமேல் விரலை வைத்தார். பிறகு குரல் தாழ்ந்தது.

"எங்க அக்கா இருக்கா. இருபத்தெட்டு வயசுல தனியாளானா. முப்பதுல இன்னொருத்தரைக் கட்டிக்கிட்டா. சொந்தக்காரங்க யாரும் போகல. நான் ஒருத்தன்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். இருபது வருஷமா அவங்க ரெண்டு பேரும் காலையில ஒண்ணா நடக்கப் போறாங்கம்மா, கையைக் கோத்துக்கிட்டு, சின்னப் பிள்ளைங்க மாதிரி. அவளை வச்சுத்தான் இந்தக் கதையையே எழுதினேன். 'என் தம்பி என்னைப் பத்தி எழுதறான்'னு தெரு முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. கடைசி அத்தியாயத்தைப் படிச்சிட்டு, என் வீட்டுக்காரிகிட்ட ஒரே ஒரு வார்த்தை கேட்டாளாம். 'இருபது வருஷமா அவன் மனசுல என்னைப் பத்தி இதைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தானா? நான் பேராசைக்காரியா?'ன்னு. அதுக்கப்புறம் வீட்டுப் பக்கமே வரல."

தாய் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஒரு வாக்கியம் எத்தனை வீட்டுக் கதவைச் சாத்தும்? அவளுக்குத் தெரிந்தவை இரண்டு. தெரியாதவை எத்தனை? வாரந்தோறும் மூன்று லட்சம் வீடுகளுக்குப் போகும் இதழ் அது.

"நான் திருத்தம் போடப்போறேன்" என்றாள்.

தட்டச்சர் இழுப்பறையைத் திறந்தார். கார்பன் தாளில் பதிந்த படியிலிருந்து கடைசி இரண்டு பக்கங்களை உருவி எடுத்தார். "என் பேரைப் போட்டே போடுங்கம்மா. புத்தகம் போனாப் போகட்டும்" என்றார். சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்து வந்த சொல்லைத் தானே நம்பாதவர் போல அவளைப் பார்த்தார்.

*

பொறுப்பாசிரியர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"திருத்தமா? படத்துக்குக் கீழ பேரு மாறிப்போனா திருத்தம் போடுவோம். தேதி தப்பா வந்தா போடுவோம். கதாநாயகி கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு திருத்தமா! இல்லாத ஒருத்தி வேண்டாம்னு சொன்னதுக்கு யாருகிட்டக்கா மன்னிப்புக் கேக்கறது?"

"இருக்கற ஒருத்தி வேண்டாம்னு சொல்லிட்டா சார்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். அவளுடைய மகளை அவருக்குத் தெரியும்; மருமகனின் சாவுக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்து அழுதவர் அவர். உண்மையாகவே வருந்தினார்.

"நான் என்ன கல்லாக்கா? நேர்ல பார்த்து நீங்களே சொல்லிப் புரிய வைங்க. உங்க பொண்ணுக்குக் கல்யாணம்னா முதல் ஆளா நான் வந்து நிப்பேன். ஆனா பத்திரிகையில வேண்டாம். வாசகர் மனசு புண்படும்."

இந்த ஒரு சொல்லில்தான் எத்தனை தலைமுறை பதுங்கியிருக்கிறது! சொந்தத்தில் எல்லோரும் நல்லவர்கள். கல்யாணத்துக்கு முதல் ஆளாக வருவார்கள். பொதுவில் மட்டும், கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவரின் மனம் புண்பட்டுவிடும். அந்த யாரோவை எவரும் பார்த்ததில்லை. ஆனால் அவருக்குப் படைக்கப்படும் பெண்களை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

அவள் மேலும் வாதாடவில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் ஆறு வரி அளவுக்கு ஒரு கட்டம் உண்டு. திருத்தங்களுக்கான கட்டம். இருபத்திரண்டு ஆண்டுகளாக அதை அவளைத் தவிர வேறு எவரும் அச்சாகும் முன் சரிபார்த்ததில்லை. அவள் எழுதினாள்:

'நிறைவடைந்த தொடர்கதையின் இறுதி அத்தியாயம், எழுத்தாளர் எழுதியதற்கு மாறாக அச்சாகிவிட்டது. கதாநாயகி மறுக்கவில்லை. சரி என்றாள். இருவரும் பதிவு அலுவலகத்தில் மணம் செய்துகொண்டு நலமாக இருக்கிறார்கள். வேண்டும் என்று சொல்வது பேராசை அன்று. மாற்றி எழுதியது இவ்வலுவலகத்தின் பிழை. அதனால் வருந்திய பெண்கள் மன்னிக்க.'

அச்சுக் கோர்ப்பவர் வாய்விட்டுப் படித்தார். "என்னக்கா இது, திருத்தம்னு குடுத்தீங்க, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கே!" என்றார். ஆயினும் கோர்த்துக் கொடுத்தார். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் கோர்த்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை இயந்திரத்தில் ஏறுவது அடுத்த வாரத்துப் புதன்கிழமைதான் கடைக்கு வரும். அந்த ஒன்பது நாளும் திருத்தத்தைப் பற்றித் தாய் வீட்டில் சொல்லவில்லை. மகள் பாடவில்லை. மருத்துவமனையில் சந்தேகம் கேட்டு எவரும் சாலையைக் கடக்கவில்லை.

*

புதன்கிழமை காலை, வேலைக்குப் புறப்பட்ட மகள், வாசலில் கிடந்த இதழை எடுத்துப் புரட்டினாள். பழக்கதோஷம்; அவள் எப்போதும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவாள். நின்றபடி படித்தாள். மறுபடி படித்தாள். உள்ளே திரும்பி, தாயை ஒரு பார்வை பார்த்தாள். தாய் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். மகள் ஒரு சொல்லும் பேசாமல், இதழைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடினாள். தெருக்கோடிவரை ஓடியே போனாள். நடை பழகிய வயதில் விழுந்துவிடுவாளோ என்று பதைத்த அதே பதைப்போடு தாய் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாய் அன்று அலுவலகம் போகாமல் காத்திருந்தாள். பிற்பகல் மூன்று மணிக்கு மகள் நடந்து வந்தாள்.

"கடை திறந்திருந்துச்சும்மா" என்றாள். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். "நான் போறதுக்கு முன்னாடியே படிச்சிட்டாரு. மேஜை மேல விரிச்சு வச்சிருந்தாரு. கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு உக்காந்திருந்தாரு."

"என்ன சொன்னாரு?"

"அன்னிக்கு என்னை ஒரு வார்த்தை கேக்கலாம்னுதான் வாயைத் திறந்தாராம். 'ஏன்'னு கேக்கலாம்னு. அதுக்குள்ள அந்தக் கடைசிப் பக்கம் ஞாபகம் வந்துச்சாம். மதிக்கறவன் கேள்வி கேக்க மாட்டான், திரும்பிப் பார்க்க மாட்டான்னு எழுதியிருந்துச்சே. கேட்டா நாம கேவலமானவன்னு ஆயிடுமேன்னு போயிட்டாராம்." அவள் குரல் உடைந்தது. "தெருக்கோடி வரைக்கும் கழுத்து வலிச்சுதாம்மா, திரும்பாம இருக்க."

தாய் அவள் அருகில் உட்கார்ந்தாள்.

"அப்புறம்?"

"அவங்க அக்கா ரெண்டு வருஷமா ஒரு இடம் பார்த்து வச்சிருந்தாங்களாம். போன வாரம் கேட்டாங்களாம். சரின்னுட்டாராம். அந்தப் பொண்ணு ஒரு பள்ளிக்கூடத்துல வேலை பார்க்குதாம். அவரு வாக்குக் குடுத்ததும் அழுதுட்டாளாம், சந்தோஷத்துல. 'அவளுக்கு நான் எந்தக் கட்டத்துலங்க திருத்தம் போடறது?'ன்னு கேட்டாரு. நான் என்னம்மா சொல்லுவேன்? நல்லா இருங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. கணவன் இறந்த அன்றுகூட வாய்விட்டு அழாத பெண், தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

*

வாசகர் கடிதங்கள் மூன்று மூட்டை வந்தன. வாசகர் மனம் புண்படும் என்று பொறுப்பாசிரியர் சொன்னது பாதி பலித்தது. பாதிப் பேர் குடும்பத்தைக் கெடுக்கும் பத்திரிகை என்று வைதார்கள். மீதிப் பேர் வேறு மாதிரி எழுதினார்கள்; பெரும்பாலும் பெயரில்லாத கடிதங்கள், பெண்களின் கையெழுத்து. அவற்றை வெளியிடாமலே ஓரமாக வைத்திருந்தார்கள்.

பொறுப்பாசிரியர் அவளைக் கூப்பிட்டார். முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"முதலாளி உங்களை அனுப்பச் சொல்லிட்டாரு. நான் பேசி நிறுத்தி வச்சிருக்கேன். ஒண்ணே ஒண்ணு செய்ங்க. அந்தத் திருத்தம் தப்புன்னு ஒரு திருத்தம். ஆறே வரி. உங்களை மாதிரி யாருக்கும் எழுத வராது. வாசகர் மனசு குளுந்துடும். எழுதிக் குடுத்துட்டு நாளையிலருந்து உங்க மேஜையில உக்காருங்க."

தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதைத் தொடவில்லை.

"இனிமே எனக்கு அந்த முடிவு எழுத வராது சார். வேற ஆளைப் பாருங்க."

"வயசான காலத்துல எங்கக்கா போவீங்க?"

"வீட்டுக்கு" என்றாள்.

அதற்கடுத்து அச்சேறிய இதழில், அதே கட்டத்தில், வேறு எவரோ எழுதிய நான்கு வரி வெளிவந்தது. மகள் அன்று விடுப்பில் இருந்தாள். சன்னலோரம் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள்: 'முந்தைய இதழ் ஒன்றில் வெளியான திருத்தம் தவறுதலாக இடம்பெற்றுவிட்டது. கதாநாயகி மறுத்ததே சரி. எவரும் அவளை வற்புறுத்தவில்லை என்பதை வாசகர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.'

படித்துவிட்டு, இதழை மடித்துக் கீழே வைத்தாள். தாய் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உன்னை யாராவது கேட்டிருக்காங்களா? அப்பாவுக்கு அப்புறம்?"

தாயின் கையில் ஒரு போர்வை பாதி மடிந்து நின்றது. அதை மடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

"அச்சகத்துல, பைண்டிங் பகுதியில ஒருத்தரு இருந்தாரு. உனக்கு அஞ்சு வயசு அப்போ. உன்னைத் தோள்ல தூக்கிக்கிட்டுக் காகிதக் கட்டுமேல எல்லாம் ஏத்தி விடுவாரு. ஒருநாள் கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

தாய் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே மகளுக்கு விளங்கிவிட்டது, அந்த வரி நாற்பது நிமிடத்தில் பிறந்ததன்று என்பது.

"அப்படியேவா? அதே வார்த்தையா?"

"ஆமா."

"அப்போ உனக்கு அதை யாரும்மா எழுதிக் குடுத்தா?"

"யாரும் எழுதிக் குடுக்கலடி" என்றாள் தாய். "நானேதான் சொன்னேன்."

மகள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நானும் அப்படித்தாம்மா நினைச்சேன்."